எண் போடாத வளைவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் விபத்து என்றால் மறுநாள் செய்தியில் தவறாமல் ஒரு வரி வந்துவிடும்: 'அதிவேகமே விபத்துக்குக் காரணம்.' டீக்கடையிலும் அதே பேச்சு. "பைக் பசங்களை மலைக்கே விடக் கூடாதுங்க" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அத்தோடு விபத்து நடந்த வளைவை எல்லோரும் மறந்துவிடுவோம். சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு வேலை நிமித்தம் பல வருடங்களாக இருசக்கர வண்டியில் ஏறி இறங்குகிறவன் நான். அந்த ஒற்றை வரியை ஆட்சேபித்துத்தான் இந்தக் கடிதம்.

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கினால் மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சுற்றுலா விளம்பரங்கள் அருவியைச் சொல்லும் முன் இந்த எழுபதைத்தான் சொல்கின்றன. வெளியூரிலிருந்து வரும் பையன்களும் எழுபதாவது பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்தால்தான் வந்த காரியம் முடிந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், கொண்டை ஊசி அவ்வளவு பொல்லாததல்ல. அங்கே யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சாலையே குறைக்க வைத்துவிடும். பயப்பட வேண்டியது இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே பாறையைச் சுற்றிக்கொண்டு போகும் சாதாரண வளைவுகளுக்கு. அவற்றுக்கு எண் கிடையாது. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை. 'அப்பாடா, ஒரு வளைவு முடிந்தது' என்று கை ஆக்சிலேட்டரை முறுக்குவது அங்கேதான்.

அந்த இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலைச்சுவர் நம் இடப்பக்கம், சாலையும் இடப்பக்கமே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வருவதை மறைப்பது அந்தச் சுவர். சுவரை ஒட்டிப் போகப் போகப் பார்வை குறுகிக்கொண்டே வரும். எதிரே வருகிறவருக்கோ அது வலப்பக்க வளைவு. அவருடைய இடப்பக்கம் பள்ளம். ஓரத்தில் வெள்ளைக்கோடு அழிந்து, தடுப்புச்சுவரும் இடிந்து கிடந்தால், பள்ளத்துக்கு அஞ்சி அவர் தானாகவே நடுச்சாலைக்கு நகர்ந்து வருவார். வளைவைக் குறுக்கே வெட்டிப் போகும் ஆசையும் சேர்ந்துகொண்டால் நம் பாதிக்குள்ளேயே வந்துவிடுவார். மோட்டார் சைக்கிளில் இன்னொரு சங்கடம்: வண்டி சாய்ந்துதான் திரும்பும். வலப்பக்க வளைவில் இரண்டு சக்கரமும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக இருக்கும். ஓட்டுகிறவரின் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே பஸ் வந்தால் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது, தோளில்தான் அடிபடும்.

இதில் வேகத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைச் சொல்லாமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்கிறேன். சாலை வடிவமைப்புக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்க 30 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், 40 கி.மீ. என்றால் 45 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் இரண்டரை வினாடி போய்விடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 40 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டரை வினாடியில் வண்டி சுமார் 28 மீட்டர் ஓடியிருக்கும். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் இருவரும் நிற்க வேண்டும். தேவைப்படும் தூரம் இரட்டிப்பாகும். நம் மலைச்சாலைகளில் பாறை மறைக்கிற வளைவு எதிலாவது 90 மீட்டர் தெரிகிறதா என்று தயவுசெய்து ஒருமுறை போய்ப் பாருங்கள். 40 என்பது 'அதிவேகம்' என்று யாரும் எழுதாத வேகம்.

பாறை தானாக வந்தது, அதை ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் நாமாகச் சேர்க்கிற மறைப்புகளுக்கு என்ன பதில்? மழைக்குப் பிறகு உண்ணிச்செடி வளைவின் உட்புறத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து சாலைக்குள் சாய்ந்து நிற்கும். வளைவு பார்த்து வைத்தால்தான் எல்லோர் கண்ணிலும் படும் என்று விடுதி விளம்பரமும் கட்சி பேனரும் அங்கேயே கட்டப்படும். குழிக்கு ஒட்டுப் போட்டுவிட்டு மிச்ச ஜல்லியைக் கூட்டாமல் விட்டுப் போவார்கள்; அது ஓரத்தில் சேரும்; இருசக்கர வண்டிக்காரர் சறுக்கலுக்குப் பயந்து நடுவுக்கு வருவார். இவை எந்த ஊர் மலைப்பாதையிலும் உள்ளவை. ஏற்காடாக இருந்தாலும் வால்பாறையாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

பலாப்பழக் காலத்தில் ஒருநாள் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வளைவு தொடங்குகிற இடத்தில், இறக்கத்துப் பக்கமாக ஒரு காரை நிறுத்திக்கொண்டு ஒரு குடும்பம் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் மலையிறங்கி வந்தார் ஒரு பெரியவர். டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டி, முன்னால் மூட்டை, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பலாப்பழங்கள். காரைத் தாண்ட வலப்பக்கம் ஒதுங்கினார். அதே நேரம் கீழிருந்து பஸ் ஏறி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். பெரியவருக்குச் சுமை பின்னாலிருந்து தள்ளுகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, செருப்பு தேயத் தேய இழுபட்டு, பஸ்ஸுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவழியாக நின்றார். ஒரு பழம் கயிற்றிலிருந்து நழுவி ஓடையில் விழுந்தது. காரில் வந்தவர் கேட்டது இதுதான்: "இவ்வளவு வேகம் எதுக்குப் பெரியவரே?" எக்ஸ்எல்லைப் பார்த்து! பஸ் டிரைவர்தான் தலையை வெளியே நீட்டி, "வளைவுல வண்டி நிறுத்தக் கூடாதுன்னு தெரியாதுங்களா சார்?" என்றார்.

தெரியாதுதான். சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்? வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது, எதிர்ப்பாதை தெரியாத வளைவில் முந்தக் கூடாது, சாலை குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் சட்டப்படியான விதிகள். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் இருக்கின்றன. பழைய பஸ் டிரைவர்களுக்கு இது பழக்கமாகவே வந்திருக்கும். நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனிடம் கேட்டுப் பாருங்கள், விழிப்பான். இருசக்கர வண்டி லைசென்ஸ் என்றாலே நம் ஊரில் எட்டு போட்டுக் காட்டுவதுதான். காலை ஊன்றாமல் நடை வேகத்தில் எட்டு போட்டால் பாலன்ஸ் இருக்கிறது என்று தெரியும். கண்ணை எங்கே வைக்கிறான் என்று எப்படித் தெரியும்? அந்த அட்டையை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே 70 வளைவும் ஏறலாம், திம்பம் மலைப்பாதையின் 27 வளைவும் ஏறலாம்.

ஓட்டுகிறவர்களுக்கு அப்படியென்ன சொல்லித்தர வேண்டும் என்று கேட்கலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வளைவை நெருங்கும்போது சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல ஓர் இடம் தெரியும். அந்த இடம் நம்மை நோக்கி நெருங்கினால் வளைவு இறுகுகிறது. உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். அது நம்மைவிட்டு விலகி ஓடத் தொடங்கினால் வளைவு விரிகிறது. தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அந்த வளைவுக்கு உரிய வேகம். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பிரேக்கும் கியரும் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், சாய்ந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி வழுக்கிவிடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும், மறைவிலிருந்து வரும் பஸ்ஸை அது காட்டாது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜினின் பிடி போய்விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில்தான் விழும். சூடேறிய பிரேக் எந்த வளைவில் கைவிடும் என்று சொல்ல முடியாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஹாரன் சத்தம் கேட்காமல் வருகிறவர்களை என்ன சொல்வது, எனக்குத் தெரியவில்லை.

பையன்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. ஹெல்மெட்டில் கேமரா பொருத்திக்கொண்டு முழங்கால் தரையில் உரசச் சாய்கிறவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை, அபராதம் போடட்டும். ஆனால் அந்தப் பெரியவரைப் போல மலையிலிருந்து மிளகும் காபியும் பழமும் இறக்கிப் பிழைக்கிறவர்களுக்கு இது விளையாட்டுச் சாலை அல்ல, அன்றாடச் சாலை. 'பைக்கைத் தடை செய்' என்கிறவர்கள் முதலில் தடை செய்வது அவர்களுடைய வண்டியைத்தான்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்களும் அல்ல. ஒவ்வொரு மலைச்சாலையிலும் ஓர் அதிகாரி இருசக்கர வண்டியில், ஜீப்பில் அல்ல, ஏறி இறங்கி எண்ணில்லாத வளைவுகளையும் பட்டியல் எடுக்கட்டும். எத்தனை மீட்டர் தெரிகிறது என்பதை அளந்து எழுதட்டும். உட்புறச் செடியை வெட்டும் பொறுப்பு எந்தத் துறைக்கு என்பதை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் முடிவு செய்யட்டும். வளைவில் கட்டிய பேனரைக் கட்டியவர் செலவிலேயே அவிழ்க்கட்டும். ஓரக்கோடும் நடுக்கோடும் மங்கும் முன்பே மறுபடி போடப்படட்டும். எதிரே வரும் வண்டியைக் காட்ட வளைவில் குவியாடி வைப்பதோடு நிறுத்திவிடாமல் அதைத் துடைக்கவும் ஆள் போடட்டும். அதில் வண்டி உள்ளதைவிடத் தள்ளியே தெரியும் என்று கீழே ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. பழகுநர் உரிமத்துக்கான எல்.எல்.ஆர். தேர்வில் மலைச்சாலை பற்றி இரண்டு கேள்வி சேர்க்க என்ன தடை?

எங்கள் மலையில் ஆடி 18ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வண்டிகள் ஏறும். செடி வெட்டும் வேலையையும் ஜல்லி கூட்டும் வேலையையுமாவது அதற்கு முன்பே முடித்துத் தருமாறு சம்பந்தப்பட்டவர்களைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.