பிழை யாருடையது?



கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன. ஆனால் சிறுவயதில் அடைந்த சில தோல்விகளோ, மனதில் இடிபடாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. அத்தகைய ஒன்றைக் குறித்து இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் ஸ்பெக்ட்ரம் கணினியை, டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்னும் பெயரில் நம் நாட்டில் வெளியிட்டது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டு, அதன் இரைச்சலைச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் விளையாட்டு தோன்றும். உங்களில் சிலருக்கு இது நினைவிருக்கலாம்.

அக்கணினிக்கென்று மேத்யூ ஸ்மித் என்னும் இளைஞர் உருவாக்கிய இரு விளையாட்டுகள் மிகவும் கடினமானவை. 1983-ல் வந்த 'மேனிக் மைனர்' 20 சுரங்க அறைகளைக் கொண்டது. ஒரு விரற்கடை தவறித் தாவினாலும் உயிர் போகும். மூச்சுக் காற்றும் குறைந்துகொண்டே வரும். ஆயினும் அது நேர்மையான கடினம். பொறுமையாய்ப் பழகினவன் கடைசி அறைவரை சென்றான்.

1984-ல் வந்த 'ஜெட் செட் வில்லி' அப்படிப்பட்டதன்று. ஏறக்குறைய 60 அறைகளுள்ள மாளிகையில் 83 பொருட்களைச் சேகரிக்கவேண்டும். அங்கே 'மச்சு' என்னும் அறைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால், பிறகு வேறு சில அறைகளில் கால் வைத்தவுடன் மரணம். அங்கே பறக்கும் அம்பு ஒன்றின் பாதை தவறாக எழுதப்பட்டிருந்தது. அது திரைக்குரிய நினைவகத்தைத் தாண்டிச் சென்று, மற்ற அறைகளின் விவரங்களையே அழித்தது. கேசட்டை மறுபடி ஏற்றினாலொழிய அவை சீராகா.

வெளியிட்ட நிறுவனம் முதலில் என்ன சொல்லிற்று தெரியுமா? "அந்த அறைகளில் விஷவாயு நிறைந்திருக்கிறது, விளையாட்டைக் கடினமாக்கவே அப்படி அமைத்தோம்" என்பதே அதன் விளக்கம். பின்னரே அது தன் பிழையை ஒப்புக்கொண்டு, நினைவகத்தின் சில எண்களை மாற்றும் 'போக்' கட்டளைகளை வெளியிட்டது.

அச்செய்தி எட்டாத வீடுகளில், எத்தனை பிள்ளைகள் தங்கள் விரல்களையே நொந்துகொண்டிருப்பார்கள்! இன்று எமுலேட்டர் மென்பொருளின் உதவியால் அதே விளையாட்டைத் திரும்பவும் ஆடலாம். திருத்தப்பட்ட பிரதியை ஆடிப்பாருங்கள். கடினம் குறையாது, ஆனால் வழி திறந்திருக்கும்.

அருமையான பெற்றோரே, ஊரிலிருந்து வந்து டெல்லிப் பள்ளியில் சேர்ந்த உங்கள் பிள்ளை, இந்தி புரியாமல் குறைந்த மதிப்பெண்ணோடு வந்து நிற்கும்போது, "நீ முயற்சி செய்யவில்லை" என்று உடனே கடிந்துகொள்ளாதிருங்கள். அருகில் அமர்ந்து, எந்த இடத்தில் தடைபட்டது என்று கேளுங்கள். கடினமானதைப் பழகச் சொல்லலாம். பழுதுபட்டதையோ முதலில் நாம்தான் சரிசெய்து கொடுக்கவேண்டும். இவ்விரண்டையும் பகுத்தறியாமல் கண்டித்தால், தன்னுடையதல்லாத பிழையை அப்பிள்ளை வாழ்நாளெல்லாம் சுமக்கும்.

சிந்திப்போமாக.