தோல் ஊரில் தோல் பந்து இல்லை

எங்கள் ஆலங்காயத்துக்கு அருகே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிடப்படும் தோல், காலணியாகிக் கடல் கடந்து செல்கிறது. என் தந்தையும் அத்தொழிலாளருள் ஒருவர். ஆனால் அவர் மகனாகிய நான் கிரிக்கெட்டின் தோல் பந்தைக் கையில் எடுத்தது கல்லூரிக்கு வந்த பிறகுதான். இது விந்தையா, வேதனையா?

அறுவடை முடிந்த நிலமே எங்கள் ஆடுகளம். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்கும் டென்னிஸ் பந்தே எங்கள் சொத்து. ஒரே மட்டையைப் பலரும் பிடிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், "நீ எந்தத் தெரு?" என்ற கேள்வி பொழுது சாயும் வரையேனும் எழுவதில்லை.

"கிரிக்கெட் காலத்தைக் கெடுக்கிறது, கபடி போதாதா?" என்பர் பெரியோர். கபடியை நானும் போற்றுகிறேன். ஆயினும் குறை விளையாட்டில் இல்லை, வாய்ப்பில்தான் இருக்கிறது. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்தோ ஏறத்தாழ 160 கிராம். அதன் தையலே பந்தைக் காற்றில் வளைக்கிறது. ஆகவே டென்னிஸ் பந்தில் தேறியவனும் தோல் பந்தின் முன் மீண்டும் அரிச்சுவடி பயில வேண்டும்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் அப்படிப் பயின்றவர்தாம். கூலித் தொழிலாளியின் மகன். இருபது வயது வரை டென்னிஸ் பந்தே அவர் உலகம். ஜெயப்பிரகாஷ் என்னும் ஊர் அண்ணன் கைகொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 2015-இல் அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்கு உள்ளானபோது, அதைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே! 2023-இல் தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். தாம் பட்ட பாடு அடுத்தவன் படக்கூடாது என்பதன்றி அதற்கு வேறென்ன பொருள்?

எனக்கும் இப்போது இருபது வயது. நான் நடராஜன் ஆகப்போவதில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆவதே என் ஆட்டம். ஆனால் எங்கள் தெருவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இடக்கையால் அழகாகப் பந்து வீசுகிறான். அவனும் இருபது வயது வரை காத்திருக்க வேண்டுமா? அவனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் கிடைப்பார் என்று யார் உறுதி கூறுவார்?

அரசுக் கல்லூரி எட்டும் தொலைவில் இருந்ததால்தான் நான் பட்டப்படிப்புக்கு வந்தேன். மைதானமும் பயிற்சியாளரும் அவ்வாறே எங்களைத் தேடி வரட்டும். திறமைக்கு நாங்கள் பொறுப்பு. வாய்ப்புக்கு நாடு பொறுப்பேற்கட்டும்!