யார் வீட்டுப் பூட்டு?

"அம்மா, நான் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் படிக்கிறேன். திருடர்கள் நுழையும் வழிகளையெல்லாம் பழகிப் பார்க்க வேண்டும்" என்று உங்கள் பெண்ணோ பிள்ளையோ சொன்னால் பதறி விடாதீர்கள். பூட்டுச் செய்கிறவனுக்கு அதைத் திறக்கும் வித்தையும் தெரிந்துதானே இருக்க வேண்டும்? ஆனால் ஒன்று மட்டும் அவசியம் கேளுங்கள்: "யார் வீட்டுப் பூட்டில் பழகப் போகிறாய்?"

அடுத்த வீட்டு வைஃபையிலோ கல்லூரிக் கம்ப்யூட்டரிலோ என்றால் உடனே தடுத்து விடுங்கள். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் நுழைந்தாலே நஷ்ட ஈடு கேட்கலாம். வஞ்சக எண்ணத்தோடு நுழைந்ததாக முடிவானால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே! 'விளையாட்டாகத்தான் செய்தேன்' என்பதைக் கோர்ட்டு வாசலில் நின்று விளக்குவது சிரமம்.

பின் எங்கே பழகுவது? தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களைக் குடி வைத்துக் கொள்ளலாம். இதற்குத்தான் 'வர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். வித்தை ஒன்றும் புதிதல்ல; 1967-லேயே ஐ.பி.எம். கம்பெனியார் ஒரே பெரிய யந்திரத்தைப் பல யந்திரங்கள் போல நடிக்க வைத்து விட்டார்கள். இன்று 'வர்ச்சுவல்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் உங்கள் லேப்டாப்பிலேயே அதைச் செய்கிறது.

அதற்குள் இரண்டு பேரைக் குடி வைக்க வேண்டும். ஒருவர் 'காலி லினக்ஸ்'. சாவிக் கொத்தோடு வருகிற ஆசாமி. மற்றவர் 'மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள்'; பழகுகிறவர்களுக்காகவே ஓட்டைகளுடன் செய்து வைத்த அப்பாவி. முன்னவருக்கு 2 ஜிபி நினைவகம் போதும். பின்னவருக்கு அரை ஜிபியே தாராளம். ஆகவே 8 ஜிபி உள்ள கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், புதிது வேண்டும் என்ற கோரிக்கைக்காகப் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை!

கவனம் வேண்டியது நெட்வொர்க் அமைப்பில்தான். 'பிரிட்ஜ்ட்' என்று வைத்து விட்டால், அந்த ஓட்டை யந்திரம் உங்கள் வீட்டு வைஃபையில் தனி விலாசத்தோடு உட்கார்ந்து கொள்ளும். விருந்தாளியின் போனில் விஷமமான நிரல் ஏதும் இருந்தால், அதற்குக் கதவைத் திறந்து வைத்தது போல் ஆகும். 'நாட்' என்று வைத்தால் வெளியிலிருந்து உள்ளே வருவது கடினம். ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே உலாவப் போய் விடுவார். 'ஹோஸ்ட்-ஒன்லி' என்பதுதான் பயிற்சிக்கு ஏற்றது: உள்ளே இருக்கும் இருவரும் உங்கள் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் மட்டுமே பேசிக் கொள்வார்கள். இரு யந்திரங்களுக்குமே இப்படி வைத்தாயிற்றா என்று கேளுங்கள். பொது ஃபோல்டர், பொது கிளிப்போர்டு முதலிய ஜன்னல்களையும் சாத்தி விடச் சொல்லுங்கள்.

சுவர் எவ்வளவு கெட்டி என்றும் கேட்பீர்கள். 2015-ல் 'வெனம்' என்றொரு பிழை வெளிப்பட்டது. இன்று யாரும் தொடாத ஃப்ளாப்பி டிரைவைப் பாவனை செய்யும் பகுதியில் இருந்த அந்த ஓட்டை வழியே, உள்ளே இருப்பவர் வெளியே வந்து விட வழி இருந்தது! திருத்தம் உடனே வந்தது. மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

பழகத் தொடங்கு முன் 'ஸ்னாப்ஷாட்' ஒன்று எடுத்துக் கொள்ளட்டும். யந்திரத்தை எப்படிக் குட்டிச்சுவராக்கினாலும், ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பி விடும். சமையலறைக்கு அப்படி ஒரு பொத்தான் இன்னும் வரவில்லை!