பித்தளையைத் திட்டாதீங்க சாமிகளா!

துப்பாக்கின்னதும் ஓடிடாதீங்க மக்களே. அரசியல் எதுவும் இல்லை, இலக்கு பார்த்துச் சுடுகிற பொழுதுபோக்கு பற்றி மட்டும்தான்.

அமெரிக்காவில் நான் வாராவாரம் போகும் ரேஞ்சில் ஒரு கோஷ்டி உண்டு. "ராணுவப் பித்தளையா? மெஷின்கன் குப்பை. போல்ட் ஆக்‌ஷன்ல துல்லியம் வேணும்னா காசைக் கொட்டி நல்லதா வாங்கு" என்பார்கள். எதிர்க்கோஷ்டி ஒன்று: "பித்தளை எல்லாம் ஒண்ணுதான், அள்ளிட்டுப் போய் அடி." ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கடுப்பு. இன்னிக்கு இறக்கி வெச்சுடறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: சுட்டதும் மருந்து எரிஞ்சிடும், குண்டு பறந்துடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதை டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வெச்சா மறுபடியும் தோட்டா. இதான் ரீலோடிங். ராணுவம் சுட்டுப் போட்ட கூடுகள் உபரியாக மலிவா சந்தைக்கு வரும். அதில் நிறைய, மிசௌரி மாநிலத்தில் 1941இல் ஆரம்பித்த லேக் சிட்டி ஆலையின் 'எல்சி' முத்திரை போட்டவை.

முதல் கோஷ்டிக்கு வர்றேன். அமெரிக்க மரைன்கள் 1966லிருந்து பயன்படுத்திய எம்40, தரைப்படை 1988இல் எடுத்துக்கொண்ட எம்24, ரெண்டுமே போல்ட் ஆக்‌ஷன் ஸ்னைப்பர் ரைஃபிள்கள். அவை சுட்ட எம்118 வகைத் தோட்டா இதே லேக் சிட்டி சரக்கு. அது தனிக் கவனத்தோடு செய்த மேட்ச் ரகம், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆலைக்குத் துல்லியமான கூடு செய்யத் தெரியாதுன்னு சொல்ல வாய் வருமா?

"கழுத்தெல்லாம் கருகிக் கிடக்கு பாரு" என்பது அடுத்த புகார். ஐயா, அது கருகல் இல்லை. கழுத்து விரியாமல் வெடிக்காமல் இருக்க சூடுகாட்டிப் பதப்படுத்திய அடையாளம். கடைக் கூட்டுக்கும் அதே வைத்தியம்தான், பாலிஷ் போட்டு மறைச்சுடறாங்க. ராணுவம் மறைக்கறதில்லை.

உண்மையான தொல்லை பிரைமர் கிரிம்ப். மெஷின்கன்னில் பிரைமர் கழன்று விழுந்து இயந்திரம் சிக்கிக்கொள்ளக் கூடாதுன்னு பித்தளையை அதைச் சுற்றி நசுக்கி வெச்சிருப்பாங்க. பழசை எடுத்தபின் அந்த நசுங்கல் விளிம்பைச் சரிசெய்தால்தான் புது பிரைமர் உள்ளே போகும். ஒரு கூட்டுக்கு ஒரே ஒரு தடவை செய்யும் வேலை. அதுக்குப் போய் இவ்வளவு அழுகையா? ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வெச்சுட்டு, பாத்திரம் சரியில்லைன்னு தெருவில் வீசற கதைதான் இது.

இப்ப ரெண்டாவது கோஷ்டி. இவங்கதான் ஆபத்து. அனுபவிச்சவன் சொல்றேன்.

என் .308 ரைஃபிளுக்கு கடைக் கூட்டில் படிப்படியா ஏத்தி ஒரு மருந்தளவு பிடிச்சு வெச்சிருந்தேன். ரேஞ்ச் பெரியவர் ஒருத்தர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். நானும் தலையாட்டிட்டு அதே அளவை எல்சி 7.62 கூட்டில் போட்டேன். மூணாவது குண்டுக்கு போல்ட் திறக்கலை. ஒருவழியா மரச்சுத்தியலால் தட்டி எடுத்தா, பிரைமர் தோசை மாதிரி தட்டையா இருக்கு. கன்னத்துக்குப் பக்கத்தில் நடந்த சமாச்சாரம். அன்னிக்கு ராத்திரி சரியாத் தூங்கலை.

காரணம் சாதாரணம். எல்சி 7.62 கூடு சுமார் 175, 180 கிரெய்ன் எடை. சில கடைக் கூடுகள் 160ஐ ஒட்டி இருக்கும். வெளி அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான், அப்போ கூடுதல் பித்தளை எங்கே போகும்? உள்ளே. உள்ளிடம் குறையுது, அதே மருந்துக்கு அழுத்தம் ஏறுது.

உடனே "ராணுவக் கூடுன்னா கனம், மருந்தைக் குறைச்சுக்கோ"ன்னு சூத்திரம் எழுதிக்காதீங்க. 5.56இல் எல்சி கூட்டின் உள்ளிடம் பெரும்பாலும் கடை .223 கூட்டுக்கு ஈடாத்தான் இருக்கு. சூத்திரம் கவைக்கு உதவாது. தராசுதான் உதவும். சுட்ட கூட்டை, பழைய பிரைமரோடவே, காலியா ஒரு தடவை, தண்ணி நிரப்பி ஒரு தடவை எடை போடுங்க. வித்தியாசம்தான் உள்ளிடம். கூடு மாறினா, மருந்தை மறுபடி கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து தொடங்குங்க.

இன்னொண்ணு. மெஷின்கன் சேம்பர் தாராளமானது, அதில் சுட்ட கூடு நீண்டிருக்கும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிஞ்சு, பிறகு ஒரு நாள் ரெண்டா பிய்யும். நுனி வளைச்ச பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்க. பள்ளம் தட்டுப்பட்டா அந்தக் கூடு பழைய இரும்புக்கடைக்கு.

இதையெல்லாம் செஞ்சு, ஒரே வருட முத்திரையாப் பிரிச்சு, எடைவாரியா அடுக்கி, குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏறினேன். சிக்கின அதே ரைஃபிள், 100 கஜத்தில் அஞ்சு குண்டை ஒரு அங்குலத்துக்குள் வைக்குது. கூடு மாறலை. நான்தான் மாறினேன்.

2009 மார்ச்சில், ராணுவக் காலிக் கூடுகளை நசுக்கித்தான் விற்கணும்னு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தரப்பில் ஒரு உத்தரவு போட்டாங்க. சுடுபவர்கள் கொதிச்சாங்க, மொன்டானா செனட்டர்கள் மாக்ஸ் பாக்கஸும் ஜான் டெஸ்டரும் கடிதம் எழுதினாங்க, சில நாளில் உத்தரவு வாபஸ். அப்படிக் காப்பாத்தின சரக்கைத்தான் ஒருத்தர் குப்பைங்கறார், இன்னொருத்தர் அளக்காமல் அடைக்கிறார்.

ரெண்டும் ஒரே வியாதி. தராசைத் தொட சோம்பேறித்தனம்.

டிஸ்கி: அந்தப் பெரியவர் இன்னும் ரேஞ்சுக்கு வர்றார். அவர் பக்கத்து பெஞ்சில் மட்டும் நான் உட்கார்றதில்லை :-)