அழித்தது கடைக்காரனல்ல, நாம்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. கொம்பியூட்டர் விஷயம்தானே என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். நம் ஊரின் ஒரு சொத்து எப்படிப் போனது என்பது பற்றியது இது.

நம் பாடசாலையின் பழைய சஞ்சிகைகள், பரிசளிப்பு விழாப் படங்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கையால் எழுதி வைத்த பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் சில வருடங்களுக்கு முன் ஸ்கேன் எடுத்தோம். பிள்ளைகளும் பழைய மாணவர்களும் லீவு நாட்களில் உட்கார்ந்து செய்த வேலை அது. மொத்தம் 45 ஜிபி. ஸ்கேன் எடுத்ததுதானே என்று கறையான் அரித்த கடதாசிகளை வெளியே போட்டோம். கோப்புகளை ஒரு கடையில் கொடுத்து 'பத்திரமாக' ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வாங்கினோம்.

டிஸ்க் பழைய வகையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தது. அந்த ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கடையில் எல்லாவற்றையும் ரார் பொதியாகக் கட்டி, 12 துண்டாக வெட்டித் தந்தார்கள். அதுவும் 'சொலிட்' முறையில். எல்லாக் கோப்பையும் ஒரே நீளக் கயிறாகத் திரித்தது போல, இடையில் ஒரு இடம் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் போய்விடும். ஸ்கேன் படங்களும் பிடிஎப் கோப்புகளும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. ராரில் கட்டினால் அவை பெரிதாகச் சிறுக்கப்போவதுமில்லை. இதையெல்லாம் நாம் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

போன வருடம் திறந்தபோது நான்காம் துண்டில் பிழை காட்டியது. கடையில் பார்த்துவிட்டு 'சேர், இது போய்ட்டு' என்றார்கள். பிறகு நம் பழைய மாணவர் ஒருவர் லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்கை இரவு முழுக்க வாசிக்க வைத்தார். பார்த்தால், 45 ஜிபியில் வாசிக்க முடியாமல் போனது சில எம்பி மட்டும். நான்காம் துண்டில் கொஞ்சம், ஒன்பதாம் துண்டில் கொஞ்சம். அந்தச் சில எம்பிக்காக முதல் மூன்று துண்டுகளில் இருந்தது மட்டும் கைக்கு வந்தது. முக்கால்வாசி போய்விட்டது. கடதாசியும் இல்லை.

எல்லோரும் கடைக்காரனைத் திட்டினோம். நாமும் திட்டினோம். இப்போது சொல்கிறோம், குற்றம் நம்முடையது.

ஏனென்றால் இந்தப் பிரச்சினைக்கு 20 வருடத்துக்கும் முன்பே மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தது பெரிய கம்பெனி அல்ல. யூஸ்நெட் என்ற செய்திக்குழுக்களில் கோப்பு பரிமாறிக்கொண்டிருந்த சாதாரண ஆட்கள்.

யூஸ்நெட் இணையத் தளங்களுக்கெல்லாம் மூத்தது. 1979 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் போட்ட திட்டம், 1980 இல் நடைமுறைக்கு வந்தது. அது எழுத்துச் செய்திக்காகச் செய்யப்பட்டது. அதில் ஒரு பெரிய கோப்பை அனுப்ப வேண்டுமானால் எழுத்தாக மாற்றி, ஆயிரக்கணக்கான துண்டாக வெட்டி அனுப்ப வேண்டும். ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் சில துண்டுகள் தொலையும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுக் கோப்பும் வீண்.

அவர்கள் 'போய்ட்டு' என்று கைவிரிக்கவில்லை. 'தொலையும் என்பது தெரியும், ஆகவே தொலைவதற்கு முன்பே மருந்தையும் சேர்த்து அனுப்புவோம்' என்று யோசித்தார்கள். 2001 இல் 'பார்' முறை வந்தது. அதன் பின் 'பார்2' வந்தது. உள்ளே இருப்பது 1960 இல் ரீட், சொலமன் என்ற இரு கணித அறிஞர்கள் எழுதிய கணக்கு. சீடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவதும், கியூஆர் கோடில் கொஞ்சம் அழிந்தாலும் போன் வாசிப்பதும் அதே கணக்கால்தான்.

எங்கள் 45 ஜிபியை வைத்தே சொல்கிறோம். பார்2 அதை 2000 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 22 எம்பி. 5 சதவீத மீட்புக் கோப்பு செய்தால் 100 மீட்புக் கட்டம் கிடைக்கும். எது கெடும் என்று முன்கூட்டித் தெரிந்திருக்கத் தேவையில்லை. அந்த 2000 இல் எந்த 100 கெட்டாலும் இந்த 100 ஐக் கொண்டு அப்படியே திரும்ப எடுக்கலாம். எங்கள் டிஸ்கில் கெட்டது 20 கட்டத்தைக்கூடத் தாண்டியிருக்காது. செலவு இரண்டேகால் ஜிபி இடம். நம் வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது.

இதை எப்படிச் செய்வது? உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் பார்2 இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவ ஒரு வரிக் கட்டளை போதும். செய்திக்குழுவிலிருந்து இறக்குபவர்கள் பின்பற்றும் ஒழுங்கு இதுதான்.

முதலில் இறக்குதல். எந்தெந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் 'என்இசட்பி' என்ற சிறு கோப்பில் இருக்கும். அதைக் கொடுத்தால் மென்பொருள் தானாகத் துண்டுகளைச் சேர்க்கும்.

இரண்டாவது சரிபார்த்தல். சிறிய பார்2 கோப்பைக் கொண்டு எல்லாத் துண்டும் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை கட்டம் குறைகிறது என்று அது சொல்லும். அத்தனை மீட்புக் கட்டம் கையில் இருந்தால் திருத்தும். கோப்பின் பெயர் மாறிப்போயிருந்தாலும் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் கண்டு பழைய பெயரைப் போடும்.

மூன்றாவதுதான் பிரித்தெடுத்தல். ரார் என்றால் முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும், மற்றவை தானாக வரும். எல்லாம் வெளியே வந்து, திறந்து பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

நாம் செய்வது இதற்குத் தலைகீழ். முதலில் பிரிக்கிறோம், பிழை வந்தால் திட்டுகிறோம், பிறகு 'இன்னொருக்கா அனுப்புங்க' என்று வட்ஸ்அப் குறூப்பில் கேட்கிறோம். சரிபார்ப்பது என்ற ஒரு படி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இதைச் சொன்னால் மூன்று பதில் வருகிறது.

ஒன்று: 'யூஸ்நெட் களவுப் படம் இறக்கும் இடமல்லவா?' அங்கே களவு உண்டு, மறைக்கவில்லை. களவுப் படம் இறக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லவும் இல்லை. அவர்கள் கண்ட மருந்தை நம் சொந்தக் கோப்புக்குப் போடச் சொல்கிறோம். ஆனால் இதைக் கேட்பவரின் மடிக்கணினியைத் திறந்து பாருங்கள். கிரக் பண்ணிய விண்டோஸ், கிரக் பண்ணிய ஒபிஸ், கிரக் பண்ணிய வின்ரார். பிஸ்கட் பக்கட்டில் ஹலால் முத்திரை தேடும் நாம், களவு மென்பொருளில் இருந்து பயான் எடிட் பண்ணுகிறோம். அது களவாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

அதில் ஆபத்தும் உண்டு. 2019 இல் வின்ராரில் 19 வருடமாக இருந்த ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. தீய பொதி ஒன்றைத் திறந்தாலே கணினிக்குள் புகுந்துவிடலாம். கம்பெனி திருத்திவிட்டது. கடைக்காரன் 'அப்டேட் பண்ணாதீங்க, கிரக் போயிடும்' என்று சொல்லி அனுப்பியவர்களுக்கு அந்தத் திருத்தம் எப்படி வரும்?

இரண்டு: 'லினக்ஸ் கஷ்டம்.' தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து புள்ளி எடுக்கிறார்கள். அதே கணினி அறையில் ஒன்றிலாவது அது இருக்கிறதா? நீச்சலைக் கரும்பலகையில் படிப்பிக்கிறோம். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. நம் பாடசாலைகளில் உள்ள பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எறிந்துவிட்டுப் புதிது வாங்க யாரிடம் காசு இருக்கிறது? லினக்ஸ் போட்டால் அதே பெட்டி இன்னும் சில வருடம் உழைக்கும்.

மூன்று: 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, நமக்கு எதுக்கு?' 2004 சுனாமி நம் கரையை அள்ளிக்கொண்டு போனபோது, காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களைப் பதியவும் இந்த நாட்டு இளைஞர்கள் எழுதிய மென்பொருள்தான் 'சஹானா'. திறந்த மூலம். 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும் 2010 ஹெய்ட்டியிலும் அதைப் பயன்படுத்தினார்கள். இலங்கையில் பிறந்ததை உலகம் எடுத்துக்கொண்டது. நாம்தான் இன்னும் கடை வாசலில் நிற்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது மூன்றே மூன்று.

பாடசாலை, பள்ளிவாசல், சங்கம் எதுவானாலும், ஸ்கேன் எடுத்ததை இரண்டு வேறு டிஸ்கில், இரண்டு வேறு கட்டடத்தில் வையுங்கள். பார்2 கோப்பையும் கூடவே வையுங்கள். பார்2 பிரதிக்குப் பதிலல்ல, பிரதிக்குத் துணை. டிஸ்க் முழுசாகச் செத்தால் அது ஒன்றும் செய்யாது. பெரிய கோப்புக்கு இடமளிக்கும் முறையில் டிஸ்கை ஃபோர்மட் செய்தால் துண்டு போடவும் தேவையில்லை.

வருடத்துக்கு ஒரு தடவையாவது சரிபார்த்துப் பாருங்கள். திறந்து பார்க்காத டிஸ்க் அலுமாரியில் இருக்கும் வரை நல்லதாகத்தான் தெரியும்.

கணினி அறையில் ஒரே ஒரு பழைய பெட்டியிலாவது லினக்ஸ் போட விடுங்கள். ஒரு கோப்பை வேண்டுமென்றே கெடுத்து, அதைத் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். அந்தப் பிள்ளை இனி ஒருவரிடமும் 'போய்ட்டு' என்று கேட்டுவிட்டுத் திரும்பி வராது.

தப்பிய அந்த முதல் மூன்று துண்டுகளுக்கு இப்போது மீட்புக் கோப்பு செய்து, இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். யாருடைய வீட்டிலாவது பழைய சஞ்சிகை, விழாப் படம் இருந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள். மறுபடி ஸ்கேன் எடுப்போம். இந்தத் தடவை கடதாசியை வெளியே போட மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.