ஏட்டுச் சுரைக்காயும் இணையத் திருடரும்

2024ஆம் ஆண்டில் மட்டும் இந்திய மக்கள் இணைய மோசடிக்காரரிடம் பறிகொடுத்த தொகை ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய். முந்திய ஆண்டில் அது 7,465 கோடி. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே தந்த கணக்கு இது. "ஏன் ஏமாந்தாய்?" என்று இழந்தவனைக் கேட்போர் பலர். "என்ன கற்றுக்கொடுத்தாய்?" என்று ஆட்சியைக் கேட்போர் எத்தனை பேர்?

தொலைபேசியில் யாரை அழைத்தாலும் முதலில் ஓர் எச்சரிக்கை ஒலித்ததே, நினைவிருக்கிறதா? மாதக்கணக்கில் அதே குரல், அதே சொற்கள்! மக்கள் சலித்தனர்; 2025இல் அது நிறுத்தப்பட்டது. செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. குற்றம் செவியினதா, சங்கினதா?

அறிவியல் விடை கூறுகிறது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். கணினித் திரையில் ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை கண்டபோதே, காட்சியை உணரும் மூளைப் பகுதியின் இயக்கம் வெகுவாகத் தளர்ந்தது. தோற்றத்தை மாற்றி மாற்றிக் காட்டியபோது அத்தளர்ச்சி குறைந்தது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவ நிறுவனத்தில், 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் போலி மின்னஞ்சல் அனுப்பி எட்டுத் திங்கள் சோதித்தனர். 2025இல் வெளியான முடிவு யாது? பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் ஏமாறுவதில் இருந்த வேறுபாடு 1.7 விழுக்காடே! பாடத்தைத் திறந்தவுடன் மூடியோர் பலர். வினாவுக்கு விடையளித்துப் பயிலும் பாடத்தை முழுதும் முடித்தோரே சற்றுத் தேறினர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. முயன்று, தவறி, அக்கணமே திருத்திக்கொள்வதே மனத்தில் பதியும். நல்ல விளையாட்டின் அமைப்பும் அதுவே. ஆடுபுலி ஆட்டத்தில் ஒருமுறை புலியாக ஆடியவன், மறுமுறை ஆட்டை எங்கே நிறுத்தலாகாது என்பதை அறிவான். அச்சுறுத்து, அவசரப்படுத்து, பிறரிடம் பேசவிடாதே! 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவோனின் காய் நகர்த்தல் இவ்வளவே. அதை விளையாட்டில் ஒருமுறை தானே நகர்த்திப் பார்த்தவன், உண்மை அழைப்பு வரும்போது உறவினர் ஒருவரையேனும் கலந்துகொள்ள எண்ணுவான்.

விளையாட்டால் மட்டும் திருட்டு ஒழிந்துவிடாது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் தம் கடமையினின்று தப்பவும் கூடாது. ஆயினும் பள்ளியிலும் நூலகத்திலும் மகளிர் குழுக்களிலும், மக்கள் பேசும் மொழியில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பயிற்சி ஆட்டங்களை வழங்குவது அரசால் ஆகாத செயலா? அறிவித்தோம் என்று கைகழுவுவது ஆட்சியன்று; அறியச் செய்வதே ஆட்சி!