விலை இறங்கும், கடன் இறங்காது

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தபோது, அதன் அடி கோவையின் பருத்திக் காடுகளிலும் விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைபொருள்களின் விலை ஏறக்குறைய பாதியானது. கம்போடியா பருத்தியை நம்பி, கடன் வாங்கிக் கிணறு வெட்டிய கொங்கு விவசாயிகள் வட்டி கட்ட முடியாமல் தவித்தார்கள்.

அதே பத்தாண்டில்தான் செட்டிநாட்டு இளைஞர் ஒருவர் ஒரு வங்கியையே தொடங்கினார். அவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1908-ல் பிறந்தவர். மந்தம் தொடங்கிய நேரத்தில், இருபது வயதைத் தாண்டியவுடனேயே குடும்பத் தொழிலின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1937 பிப்ரவரி 10-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். காப்பீட்டுத் தொழிலிலும் கால் ஊன்றினார். 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

விவசாயிக்கு இவர் கதையில் என்ன இருக்கிறது? அவரோடு ஒப்பிட வேண்டியது, அதே தொழிலில் இருந்த மற்றவர்களின் நிலைமையை. பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்த செட்டியார்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஈடாக நிலம்தான் வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களின் நிலவுடைமை, 1938-ல் 25 சதவீதமானது. பார்வைக்கு அது லாபம். ஆனால் 1942-ல் ஜப்பானியப் படை வந்தது, பிறகு பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. விவசாயியும் நிலத்தை இழந்தார், கடன் கொடுத்தவரும் இழந்தார். சிதம்பரம் செட்டியாரோ லேவாதேவியை மட்டும் நம்பாமல், முதலைப் பல தொழில்களில் பிரித்து வைத்தார்.

கோவையிலும் இதுபோல் ஒன்று நடந்தது. கிராமத்தில் கடன் கொடுத்தால் திரும்பாது என்றானதும், கையில் பணம் இருந்தவர்கள் அதை நகரத்துக்கு மாற்றினார்கள். பருத்தி மலிவாகக் கிடைத்தது. பைக்காரா மின்சாரமும் வந்தது. 1930-களில் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. விவசாயிக்கு நட்டமான அதே விலை, ஆலைக்கு லாபமானது.

பணத்தை இடம் மாற்றலாம், நிலத்தை மாற்ற முடியாது. ஆகவே சிதம்பரம் செட்டியாரைப் போல் செய்யுங்கள் என்று விவசாயிக்குச் சொல்வதில் பயனில்லை. மந்த காலத்தில் நம்மைச் சாய்ப்பது எது என்பதைத்தான் அவர் காலத்திலிருந்து கற்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் குவிண்டால் 10,000 ரூபாய் விற்கும்போது ஒரு லட்சம் ரூபாய் கடன் என்பது 10 குவிண்டால். விலை 5,000 ரூபாய்க்கு இறங்கினால் அதே கடன் 20 குவிண்டால். வட்டி தனி. இது வெறும் கற்பனை அல்ல. ஈரோட்டில் 2010-ல் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-ல் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியதை நாம் பார்த்தோம்.

அரசு காப்பாற்றும் என்று காத்திருக்கலாமா? மந்தம் தொடங்கி எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1938-ல்தான் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களின் நிலுவை வட்டி தள்ளுபடியானது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள் நிலத்தை விற்றுவிட்டவருக்கு அதனால் என்ன பயன்?

எனவே ஏற்பாட்டை விலை நன்றாக இருக்கும் ஆண்டிலேயே செய்தாக வேண்டும். நல்ல விலை கிடைத்த ஆண்டில் புது நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், பழைய கடனை அடையுங்கள். அறுவடையானதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்காதீர்கள். மஞ்சள், கொப்பரை போல இருப்பு வைக்கக்கூடிய சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வைத்து, பொருளீட்டுக் கடன் வாங்கி அவசரச் செலவைச் சமாளிக்கலாம். கூட்டுறவுப் பயிர்க்கடனைக் குறித்த காலத்தில் திருப்பினால் வட்டி இல்லை. அந்தத் தவணைக்காக வெளியில் வட்டிக்கு வாங்கினால், அந்தச் சலுகையால் பயனில்லை.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரகம், உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசும் கிராமக் கூட்டத்தில் கடன் கணக்குக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விலை பாதியானால் இந்தக் கடனை அடைக்க எத்தனை மூட்டை வேண்டும் என்று ஒவ்வொருவரையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை அவர் நிலத்தின் விளைச்சலைத் தாண்டினால், அடுத்த கடன் வாங்கும் முன் அவர் நிதானிப்பார்.